கண்டென்சர் அப்படி என்னதான் செய்கிறது?

சீலிங் ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. எலக்ட்ரீஷியன் ஸ்டூலில் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்: "கண்டென்சர் வீக்குங்க, மாத்திட்டாச் சரியாப் போயிருங்க." ஐந்து நிமிட வேலை. கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன டப்பாவை மாற்றியதும் ஃபேன் பழையபடி பறக்கும். வெட் கிரைண்டர் உறுமிக்கொண்டு நின்றாலும் இதே பதில்தான், வீட்டு போர் மோட்டார் எடுக்கவில்லை என்றாலும் முதல் சந்தேகம் அதன்மேல்தான். மோட்டார், பம்ப், கிரைண்டர் என்று காயில் சுற்றியே வளர்ந்த ஊர் கோயமுத்தூர், அதைச் சுற்றியுள்ள இந்தப் பக்கத்தில் கண்டென்சர் மாற்றாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அது உள்ளே என்ன செய்கிறது என்று யாரைக் கேட்டாலும் "கரண்டைச் சேமிச்சு வைக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பதில் தப்பில்லை, ஆனால் பத்தாது. ஃபேனுக்குத்தான் கம்பியிலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கிறதே, சேமித்து என்ன செய்யப் போகிறது? அப்படிச் சேமித்ததை வைத்துக்கொண்டு கரண்ட் போனபிறகு ஒரு நிமிடமாவது ஓடுகிறதா என்றால் அதுவும் இல்லை. புதிதாக எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்பவர்கள் கரண்டின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை ஒரே நாளில் புரிந்துகொண்டு, கண்டென்சரில் வந்து முட்டிக்கொண்டு நிற்பதற்கு இந்த அரைகுறைப் பதிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இதற்குப் பதிலாக வேறொரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கண்டென்சரின் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள வோல்டேஜ் சட்டென்று மாறாது, ஏறுவதற்கும் நேரம் எடுக்கும், இறங்குவதற்கும் நேரம் எடுக்கும். ஃபேன், செல்போன் சார்ஜர், மினுக்கும் எல்இடி என்று கண்டென்சர் இருக்கும் இடமெல்லாம் இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் காரியம் நடக்கிறது.

(பாடப்புத்தகத்தில் மின்தேக்கி என்றும் ஆன்லைன் கடைகளில் கெப்பாசிட்டர் என்றும் இருக்கும். நான் எலக்ட்ரிக் கடையில் கேட்கும் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.)

உள்ளே இருப்பது

ரொம்பச் சாதாரணமான பொருள். இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் கரண்டைக் கடத்தாத ஒரு தடுப்பு, அவ்வளவுதான். தகடு பெரிதாக இருந்தால், அல்லது தடுப்பு மெல்லிசாக இருந்தால், கொள்ளும் அளவு கூடும். ஃபேன் கண்டென்சருக்குள் பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் படலத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத கனத்தில் உலோகப் பூச்சுப் பூசி, அதைச் சுருட்டி டப்பாவில் அடைத்திருப்பார்கள். ரேடியோ, டிவி போர்டில் நிற்கும் உருளை வடிவக் கண்டென்சரில் அலுமினியத் தாளின்மேல் வளர்த்த ஆக்சைடு படலம்தான் தடுப்பு. அது நானோமீட்டர் கணக்கில் மெல்லிசு என்பதால்தான் அவ்வளவு சின்ன டப்பாவுக்குள் அவ்வளவு பெரிய அளவு அடங்குகிறது. முதல் கண்டென்சர் வெறும் கண்ணாடி ஜாடி. 1745-ல் பொமரேனியாவில் கிளைஸ்ட் என்பவரும், 1746 வாக்கில் ஹாலந்தின் லெய்டன் நகரில் மியூஷென்புரூக்கும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் சக்தியை இரண்டு தரப்புமே ஷாக் அடித்துத்தான் தெரிந்துகொண்டது.

நடுவில் தடுப்பு இருக்கிறது என்றால் கரண்ட் எப்படிப் பாயும்? தடுப்பைத் தாண்டி அது பாய்வதில்லை. பேட்டரியை இணைத்ததும் ஒரு தகட்டில் எலக்ட்ரான்கள் குவிகின்றன, அதே அளவு எலக்ட்ரான்கள் எதிர்த்தகட்டிலிருந்து விலகி ஓடுகின்றன. வெளியே கம்பியில் இருந்து பார்த்தால் கரண்ட் ஓடுவதாகத்தான் தெரியும். தகட்டில் குவியக் குவிய, புதிதாக வருவதைப் பழையது எதிர்த்துத் தள்ளும். பேட்டரியின் வோல்டேஜும் கண்டென்சரின் வோல்டேஜும் ஒன்றானதும் ஓட்டம் நின்றுவிடும்.

பஞ்சர் கடையில் காற்றுப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலி ட்யூபில் கம்ப்ரஸர் ஹோஸை மாட்டியதும் காற்று புஸ்ஸென்று பாய்கிறது, உள்ளே அழுத்தம் ஏற ஏறப் பாய்ச்சல் குறைகிறது, கடைசியில் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமானதும் நின்றுவிடுகிறது. காற்று முதலில் வருகிறது, அழுத்தம் அதற்குப் பின்னால்தான் ஏறுகிறது. கண்டென்சரிலும் கரண்ட் முதலில், வோல்டேஜ் பிறகு. சைக்கிள் ட்யூபும் சங்ககிரி லாரி ட்யூபும் ஒரே நேரத்தில் நிறையாது. ட்யூபின் கொள்ளளவை இங்கே ஃபாரட் கணக்கில் சொல்கிறோம். எந்த ட்யூபும் ஒரு அழுத்தத்துக்கு மேல் தாங்காமல் வெடிக்கும். கண்டென்சர்மேல் எழுதியிருக்கும் வோல்ட் அந்த எல்லையைச் சொல்கிறது. கடையில் கேட்கும்போது இந்த இரண்டு எண்ணையும் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

மைக்கேல் ஃபாரடேயின் பெயரில் வந்த இந்த ஃபாரட் ரொம்பப் பெரிய அளவு. ஒரு ஃபாரட் கண்டென்சருக்குள் 1 ஆம்பியர் கரண்டை 1 நொடி முழுக்க விட்டால்தான் அதன் வோல்டேஜ் 1 வோல்ட் ஏறும். நாம் கையாள்வது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோஃபாரட். டப்பாமேல் எம்எஃப்டி என்று போட்டிருப்பதும் இதே மைக்ரோஃபாரட்தான். இன்னும் சின்னவை நானோ, பைக்கோ என்று போகும்.

கையில் கடிகாரத்தோடு ஒரு சோதனை

படித்துப் புரிவதைவிட இதைச் செய்து பார்ப்பது நல்லது. ஒரு 9 வோல்ட் பேட்டரி, 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கண்டென்சர், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு மல்ட்டிமீட்டர். மீட்டரைத் தவிர மற்றதெல்லாம் உதிரிபாகக் கடையில் சில்லறைக் காசு. கண்டென்சரின் நீளக் கால் பிளஸ், உடம்பில் கோடு போட்டிருக்கும் பக்கம் மைனஸ். இதை மாற்றிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் உள்ளே உள்ள ஆக்சைடு படலம் கரைந்து, சூடாகி, மண்டை வெடித்துவிடும். அதன் உச்சியில் கூட்டல் குறியாகவோ வேறு வடிவிலோ கீறி விட்டிருப்பதே, வெடித்தால் அந்த வழியாக வெடிக்கட்டும் என்றுதான்.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டரிலிருந்து கண்டென்சரின் பிளஸ், கண்டென்சரின் மைனஸ் பேட்டரிக்குத் திரும்பட்டும். மீட்டரைக் கண்டென்சரின் இரண்டு கால்களிலும் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். 10 நொடியில் ஏறக்குறைய 5.7 வோல்ட். அடுத்த பத்தில் 7.8, அதற்கடுத்து 8.5, அப்புறம் 8.8 என்று ஊர்ந்து, 50 நொடி ஆகும்போது 8.9-ஐத் தாண்டியிருக்கும். முதல் பத்து நொடியில் பாதிக்கு மேல் ஏறிவிட்டு, மிச்சத்துக்கு நம் பொறுமையைச் சோதிக்கும்.

இந்தப் பத்து நொடி எங்கிருந்து வந்தது? ரெசிஸ்டரின் ஓமையும் கண்டென்சரின் ஃபாரடையும் பெருக்குங்கள்: 10,000 ஓம், 0.001 ஃபாரட், விடை 10. ஓமையும் ஃபாரடையும் பெருக்கினால் நொடி வருகிறது! எலக்ட்ரானிக்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. இதற்கு டைம் கான்ஸ்டன்ட் என்று பெயர். அந்த நேரத்துக்குள் கண்டென்சர் 63 சதவீதம் நிறையும், அதைப்போல ஐந்து மடங்கு நேரத்தில் 99 சதவீதத்தைத் தாண்டும். ரெசிஸ்டரை 1 கிலோ ஓமாக்கினால் 10 நொடி 1 நொடியாகிவிடும். உங்கள் மீட்டரில் 10-க்குப் பதில் 8 நொடியோ 12 நொடியோ வந்தால் பதற வேண்டாம், இந்த வகைக் கண்டென்சர்கள் 20 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருப்பது சகஜம்.

நிறைந்த கண்டென்சரைக் கழற்றி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்த எல்இடியில் வையுங்கள். பளிச்சென்று எரிந்து, மங்கி, சில நொடியில் அணைந்துவிடும். சேமிப்புக் கதையின் லட்சணம் இவ்வளவுதான். 9 வோல்ட் ஏற்றிய இந்தக் கண்டென்சரில் இருப்பது 0.04 ஜூல் ஆற்றல், ஒரு நல்ல ஆல்கலைன் பென்சில் செல்லில் இருப்பதோ பத்தாயிரம் ஜூலுக்கு நெருக்கமாக. சேமிப்பதற்கென்று யாராவது இதை வாங்கினால் நஷ்டம்தான். மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறதே, அந்த மெதுவுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

இடைவெளியை நிரப்புவது

சார்ஜரையோ அடாப்டரையோ பிளக்கிலிருந்து பிடுங்கியபிறகும் அதன் சின்ன விளக்கு ஒரு கணம் எரிந்துவிட்டு அணைவதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் கண்டென்சர் இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

பழைய டிரான்ஸ்பார்மர் வகை அடாப்டரை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகத் தெரியும். நம் வீட்டுக்கு வருவது திசை மாறிமாறி ஓடும் ஏசி கரண்ட், நொடிக்கு 50 சுற்று. கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு நான்கை வைத்து அதை ஒரே திசைக்குத் திருப்பினால் வோல்டேஜ் நொடிக்கு 100 தடவை ஏறி, ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் வரை விழும். அதாவது 10 மில்லிநொடிக்கு ஒரு பள்ளம். இதை அப்படியே ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால் பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும். நடுவில் ஒரு பெரிய கண்டென்சரைப் போட்டால், வோல்டேஜ் விழப் பார்க்கும் நேரத்தில் அது தன்னிடம் இருப்பதைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளும். எவ்வளவு தாங்கும்? கரண்டை நேரத்தால் பெருக்கி ஃபாரடால் வகுத்தால் போதும். 0.1 ஆம்பியர் எடுக்கும் சர்க்யூட்டில் 1000 மைக்ரோஃபாரட் போட்டால் பள்ளத்தின் ஆழம் 1 வோல்டுக்குள் அடங்கிவிடும். நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

பழைய ஆம்ப்ளிஃபயரில் ரீங்காரம் வர ஆரம்பித்தால், டிவி ஆன் ஆகாமல் டிக் டிக் என்று அடித்தால், மூடியைத் திறந்ததும் மண்டை உப்பிய கண்டென்சரைத் தேடச் சொல்வது இதனால்தான். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் காய்ந்துபோகும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் தோராயமாக எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மாற்றும்போது 85 டிகிரி என்று போட்டிருப்பதைவிட 105 டிகிரி வகையை வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு டீக்குக்கூடக் காணாது.

மோட்டாருக்கு ஏன் அது இல்லாமல் ஆகாது

இப்போது ஃபேனுக்கு வருவோம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ரொம்ப வேண்டியது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின்நிலையம் ஓட ஆரம்பித்து, அந்தக் கரண்ட் கீழே இறங்கி மில்களுக்கும் கிணறுகளுக்கும் வந்தபிறகுதான் கோயமுத்தூருக்கு மோட்டார் பித்துப் பிடித்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்ததைத்தான் இந்தியாவிலேயே தயாரான முதல் எலக்ட்ரிக் மோட்டார் என்று சொல்வது வழக்கம். அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம்.

ஃபேனுக்குள் ஒரே ஒரு காயில் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ், அதாவது ஒற்றை அலைக் கரண்ட் அதில் முன்னும் பின்னுமாக அலையும்போது காந்தப்புலம் ஒரே கோட்டில் வடக்கு தெற்காக மாறிமாறி நிற்கும், சுற்றாது. நின்றுகொண்டிருக்கும் ரோட்டருக்கு (மோட்டாரில் சுற்றும் பாகம்) எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் உறுமும். கண்டென்சர் செத்துப்போன ஃபேனைக் குச்சியால் லேசாகத் தள்ளிவிட்டால் சுற்ற ஆரம்பிப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கமே ஓடும், இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம். எந்தத் திசையில் கிளப்பிவிட்டாலும் அதற்குச் சம்மதம், தானாகக் கிளம்பத்தான் தெரியாது.

காந்தப்புலத்தைச் சுற்ற வைக்க வேண்டுமென்றால், வேறு கோணத்தில் இரண்டாவது காயில் ஒன்று வேண்டும், அதில் ஓடும் கரண்ட் முதல் காயிலின் கரண்டோடு ஒரே நேரத்தில் உச்சிக்குப் போகாமல் முன்னே பின்னே போக வேண்டும். வீட்டுக்கு வருவதோ ஒரே ஃபேஸ். அந்த நேர வித்தியாசத்தை எங்கிருந்து கொண்டுவருவது? கண்டென்சரில் கரண்ட் முதலில், வோல்டேஜ் பிறகு என்று பார்த்தோமே, அதுதான் இங்கே கைகொடுக்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லிநொடி. கண்டென்சர் மட்டும் இருந்தால் கரண்ட் வோல்டேஜுக்குக் கால் சுற்று, அதாவது 5 மில்லிநொடி முந்தி ஓடும். வெறும் காயிலிலோ கரண்ட் வோல்டேஜுக்குப் பின்தங்கும். இரண்டாவது காயிலோடு அளவு பார்த்து ஒரு கண்டென்சரைத் தொடரில் போட்டால், ஒரு காயில் முந்தும், இன்னொன்று பிந்தும், இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய கால் சுற்று இடைவெளி வந்துவிடும். இந்தக் காயில் உச்சியில் இருக்கும்போது அது காலி, அது உச்சிக்கு வரும்போது இது காலி. புலம் சுழல ஆரம்பிக்கிறது, ரோட்டர் அதன் பின்னாலேயே ஓடுகிறது. கண்டென்சரை இந்தக் காயிலிலிருந்து அந்தக் காயிலுக்கு மாற்றிக் கொடுத்தால் ஃபேன் ரிவர்ஸில் சுற்றும். வயர் மாற்றிக் கொடுத்த ஃபேன் காற்றை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் கதை இதுதான்.

சீலிங் ஃபேனில் வழக்கமாக இருப்பது 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். 230 வோல்டுக்கு எதற்கு 440 என்று தோன்றும். 230 என்பது ஒரு வகைச் சராசரிக் கணக்கு, உச்சி 325 வரை போகும். காயிலும் கண்டென்சரும் தொடரில் சேரும்போது கண்டென்சர்மேல் விழுவது சப்ளை வோல்டேஜைவிடவும் கூடுதலாகிவிடும். அப்புறம் ஃபேன் ஏன் மெல்ல மெல்ல வேகம் குறைகிறது? உள்ளே இருக்கும் படலத்தில் எங்காவது பலவீனமான புள்ளியில் பொறி பறந்தால், அந்த இடத்து உலோகப் பூச்சு ஆவியாகித் தன் ஓட்டையைத் தானே ஒதுக்கிக்கொள்ளும். ஷார்ட் ஆகாமல் தப்பிக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் தகட்டில் ஒரு பொட்டு குறையும். வருஷக்கணக்கில் இப்படிப் பொட்டுப் பொட்டாகப் போய், 2.5 என்பது 2-க்கும் கீழே வந்துவிடும். கெப்பாசிட்டன்ஸ், அதாவது இந்த மைக்ரோஃபாரட் கொள்ளளவை அளக்கும் மல்ட்டிமீட்டர் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். காற்று இன்னும் அடிக்கட்டுமென்று 2.5 போட வேண்டிய இடத்தில் நாலு போட வேண்டாம். கால் சுற்றுக் கணக்கு கெட்டு, காயில் சூடாகி, கடைசியில் காயில் கட்டும் கடைக்குத்தான் வேலை வரும்.

பம்ப் மோட்டாரில் தண்ணீரோடு கிளம்ப வேண்டியிருப்பதால் ஆரம்பத்தில் பலம் ஜாஸ்தி வேண்டும். அதற்காகப் பல மோட்டார்களில் இரண்டு கண்டென்சர் இருக்கும். நூற்றுக்கு மேல் எம்எஃப்டி உள்ள ஸ்டார்ட்டிங் கண்டென்சர் கிளம்பும்போது மட்டும், 36, 50 என்கிற அளவில் உள்ள ரன்னிங் கண்டென்சர் எப்போதும். மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டாரென்றால் வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் டொக்கென்று திறந்து ஸ்டார்ட்டிங் கண்டென்சரைக் கழற்றிவிடும். போர்வெல் தண்ணீருக்குள் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு இதெல்லாம் மேலே பேனல் பெட்டியில். ஆகவே வீட்டு போர் மோட்டார் எடுக்காமல் உறுமுகிறது, பேனல் ட்ரிப் ஆகிறது என்றால், 400 அடியிலிருந்து பைப்பைக் கழற்றி ஏற்ற ஆள் கூப்பிடுவதற்கு முன்னால், பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கண்டென்சரையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டத்து த்ரீ ஃபேஸ் மோட்டாருக்குக் கண்டென்சர் வேண்டியதே இல்லை. மூன்று ஃபேஸும் தமக்குள் மூன்றில் ஒரு சுற்று இடைவெளியோடுதான் வருகின்றன, புலம் தானாகவே சுழலும். ஆனால் த்ரீ ஃபேஸை முறைவைத்து விட்டு, மற்ற நேரத்தில் டூ ஃபேஸ் மட்டும் கொடுத்த காலத்தில், வராத மூன்றாவது ஃபேஸ் இருக்க வேண்டிய முனைக்குப் பெரிய கண்டென்சரைப் போட்டு, பொய்யாக ஒரு மூன்றாவது ஃபேஸை உண்டாக்கி ஓட்டியவர்கள் கொங்குப் பக்கத்தில் நிறையப் பேர். தத்துவம் அப்பழுக்கில்லாதது, ஃபேனில் நடப்பதேதான். சிக்கல் என்னவென்றால், நீர்மட்டம் இறங்கி லோடு மாறும்போதெல்லாம் கண்டென்சரின் அளவும் மாற வேண்டும், அது மாறாது. மூன்று காயிலுக்கும் சமமாகக் கரண்ட் போகாமல் ஒன்று மட்டும் வெந்துபோகும். இது மின்வாரியம் ஒத்துக்கொள்ளாத வேலை வேறு. பயிர் காய்கிறபோது யாரும் இதையெல்லாம் யோசிப்பதில்லை என்பதும் உண்மைதான்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோன்களில் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கண்டென்சர் பெட்டி நிற்கும். அது பவர் ஃபேக்டருக்கு, அதாவது வாங்கும் கரண்டில் நிஜமாக வேலைக்கு ஆகும் பங்கைக் கூட்டுவதற்கு. மோட்டார்கள் காந்தப்புலத்துக்காக வாங்கிக்கொள்வதும் திருப்பித் தருவதுமாக இருக்கும் கரண்டை, எதிர்நேரத்தில் வாங்கித் தரும் கண்டென்சர் பக்கத்திலிருந்தே சமாளித்துவிட்டால், லைனில் அந்தப் பங்குக்கு வீண் அலைச்சல் இல்லை.

தொடுவதற்கு முன்னால்

சர்க்யூட்டை அணைத்துவிட்டோம் என்பதால் கண்டென்சர் காலியாகிவிடாது. எல்இடி டிவி, கம்ப்யூட்டர் பவர் சப்ளை போன்றவற்றின் உள்ளே 325 வோல்டோ அதற்கு மேலோ ஏறிய கண்டென்சர் இருக்கும், கேமரா ஃபிளாஷிலும் 300 வோல்ட் அளவில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் கழித்தும் தூக்கி அடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து இறக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. பொறி பறந்து முனை உருகும், கண்டென்சரும் கெடும். ஹோல்டரில் போட்ட ஒரு பழைய குண்டு பல்பின் இரண்டு வயரையும் கண்டென்சரின் இரண்டு கால்களில் தொட வைத்தால் அமைதியாக இறங்கிவிடும், அப்புறம் மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். மைக்ரோவேவ் அவனைத் திறக்கவே வேண்டாம். பழகும் வரைக்கும் பேட்டரி போதும்.

சின்ன செராமிக் கண்டென்சர்களில் மைனஸ் பிளஸ் கிடையாது, எப்படிப் போட்டாலும் சரி. மேலே 104 என்று மட்டும் போட்டிருக்கும். முதல் இரண்டு எண்ணை எழுதி, மூன்றாவது எண் எத்தனையோ அத்தனை பூஜ்யம் போட்டால் பைக்கோஃபாரட் கணக்கு: 10-க்குப் பின் நாலு பூஜ்யம், ஒரு லட்சம் பைக்கோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 103 என்றால் 0.01.

கண்டென்சரால் கடிகாரம் செய்வது

555 என்று ஒரு ஐசி, அதாவது ஒரு முழு சர்க்யூட்டையே உள்ளடக்கிய எட்டுக் கால் சில்லு இருக்கிறது. ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் வடிவமைத்து, சிக்னெட்டிக்ஸ் கம்பெனி 1972-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றும் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். அது செய்வது ஒன்றுதான்: ஒரு கண்டென்சரின் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும், பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறியதும் இறக்கிவிடும், மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி ஏறவிடும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மூன்றாவது காலில் நமக்குக் காட்டும்.

சாலிடர் இல்லாமல் உதிரிகளைக் குத்திச் சேர்க்கும் பிரெட்போர்டில், ஐசியை அதன் ஓரத்தில் உள்ள வெட்டு இடப்பக்கம் வரும்படி குத்தினால், கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 4, மேல்வரிசையில் வலமிருந்து இடமாக 5 முதல் 8. எட்டாவது காலும் நாலாவது காலும் 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, ஒன்றாவது கால் மைனஸுக்கு. எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில் 1 கிலோ ஓம், ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் 68 கிலோ ஓம். ஆறையும் இரண்டையும் ஒரு வயரால் சேர்த்துவிட்டு, இரண்டிலிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர், கோடு போட்ட பக்கம் மைனஸில் இருக்கட்டும். மூன்றாவது காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஒரு எல்இடி, அதன் குட்டைக் கால் மைனஸுக்கு. பேட்டரியைக் கொடுத்தால் ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை மினுக்கும். முதல் மினுக்கல் மட்டும் கொஞ்சம் நீளமாக இருப்பதைக் கவனியுங்கள், அந்த ஒரு தடவை மட்டும் கண்டென்சர் பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டியிருக்கிறது.

இப்போது வேறு எதையும் தொடாமல், 10 மைக்ரோஃபாரடை மட்டும் எடுத்துவிட்டு 103 போடுங்கள். எல்இடி நிற்காமல் எரிவதாகத் தோன்றும். உண்மையில் நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் மினுக்குகிறது, கண்ணுக்குத்தான் எட்டவில்லை. மூன்றாவது காலுக்கும் மைனஸுக்கும் நடுவில் கரண்ட் மாற மாற அதிர்ந்து ஒலி எழுப்பும் பத்து ரூபாய் பீசோ தகடு ஒன்றை வைத்தால் அதே மினுக்கல் கீச்சென்று காதில் விழும். அடுத்து 103-க்குப் பதில் 104, 68 கிலோ ஓமுக்குப் பதில் வெளிச்சத்துக்கு ஏற்ப ஓம் மாறும் எல்டிஆர். மின்தடை கூடினால் கண்டென்சர் நிறைய நேரமாகும், சுருதி இறங்கும். ஜன்னலோரம் கொண்டுபோனால் கிரீச்சிடும், கையால் மூடினால் கடகடவென்று தனித்தனித் தட்டலாகும், விரல்களை விரித்து மூடி ஒரு மாதிரியாகப் பாட்டே வாசிக்கலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பேட்டரி ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.